ஈரக்குலைக்குக் கட்டமில்லை

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். சின்ன வயதில் யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு அது அர்த்தம் இல்ல" என்று திருத்திக்கொண்டே இருந்ததால் அண்ணன் வைத்த பெயர். தலைக்கனம் பிடித்தவளையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் அவனுக்கு இரண்டு வகையிலும் வசதியாகப் போயிற்று. வளர்ந்து மொழிபெயர்ப்பாளர் ஆனாள். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, அரசு அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் தமிழ் தெரியாத அதிகாரிகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவது தொழில். கல்யாணம் முறிந்த பிறகு அண்ணன் வீட்டு முன்னறையில் இருந்தாள். அவள் பெட்டியோடு வந்து நின்ற அன்று அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்னறையில் இருந்த அலமாரியைத் தனியாளாக உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, "விளக்கு சுவிட்சு கொஞ்சம் மக்கர் பண்ணும், ரெண்டு தடவ தட்டு" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணிக்குச் சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் ஆலை. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, உதறி, நீராவியில் சூடான பெரிய ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். அண்ணிக்கு ஜோடியாக நின்றவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். பதினொரு வருஷம் ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்கள். பேசிக்கொள்ளாமலே ஒருத்தி கை போகும் பக்கம் இன்னொருத்தி கையும் போகும்.

ரோலருக்கு மேலே போகும் நீராவிக் குழாயில் ஓர் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. கந்தல் துணியைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார்கள். மேனேஜரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அது வெடித்தது. நெட்டை நின்ற பக்கம். ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் அவள் உயிர் போயிற்று. அண்ணிக்குக் கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொப்புளம், அவ்வளவுதான். "அவ்வளவுதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணியும் சொன்னாள்.

அந்த ஷிப்டில் மிச்சமிருந்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அவர்கள் மனநிலையைச் சோதித்துச் சொல்லும்படி ஆலை ஒரு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டது. தமிழ் தெரியாத உளவியல் துறைப் பேராசிரியை ஒருவர் தன் குழுவோடு வந்தார். மொழிபெயர்க்க அகராதியைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருத்தி என் சொந்த அண்ணி என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை, சொல்லுக்குச் சொல் மாறாமல் மொழிபெயர்த்தால் யார் யாருக்கு உறவு என்பது பிரச்சினையே இல்லை என்றார் பேராசிரியை. அவர் கெட்டவர் அல்ல. நேரத்துக்கு வருவார், யாரையும் காக்க வைக்க மாட்டார், பெண்களுக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

ஆலையின் மாடியில் பயிற்சி அறை. வெள்ளை மேசை, நான்கு நாற்காலி, ஜன்னலுக்குக் கீழே ஈரத்துணி வண்டிகள் உருளும் சத்தம். கேள்வித்தாள் முப்பது நாடுகளில் பயன்படுத்தப்படுவதாம். தமிழாக்கமும் எங்கிருந்தோ தயாராக வந்திருந்தது. "கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் சோகமாக உணர்ந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில வேளைகளில், அடிக்கடி, எப்போதும்." முதல் பெண்ணிடம் இதைப் படித்தபோதே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோகமாக உணர்வது சினிமாவில்தானே என்றாள். அந்தச் சிரிப்பு "ஒருபோதும் இல்லை" என்று பதிவானது. வேறு மாதிரி கேட்கலாமா என்று அகராதி கேட்டாள். ஒரு சொல்லை மாற்றினால்கூட மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும் என்று பேராசிரியை பொறுமையாக விளக்கினார்.

அண்ணியின் முறை ஏழாவதாக வந்தது. பயம் இருக்கிறதா என்று தாளில் உள்ளபடி கேட்டாள் அகராதி. அண்ணி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"பயம்னு சொல்ல முடியாது. ஸ்டீம் சத்தம் கேட்டா ஈரக்குலையே நடுங்குது. கையும் ஓடல, காலும் ஓடல. தொண்டையில என்னமோ வந்து அடைச்சுக்குது. அந்த மேனேஜர நெனச்சா வயிறு பத்தி எரியுது."

அகராதி ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னாள். எதிரே மடிக்கணினியோடு இருந்த, பதில்களைப் பதிவு செய்யும் குழு உறுப்பினர் தட்டிக்கொண்டே வந்தார். பயம்: இல்லை. கை கால் அசைவில் சிரமம்: உண்டு. தொண்டை அடைப்பு: உண்டு. வயிற்றெரிச்சல்: உண்டு, செரிமானம் என்ற தலைப்பின் கீழ். ஈரக்குலை என்றால் எந்த உறுப்பு என்று கேட்டார். கல்லீரலும் அதைச் சுற்றி உள்ளதும் என்றாள். கல்லீரல் நடுங்குமா என்று பேராசிரியையைப் பார்த்தார். தாளில் அதற்குக் கட்டமில்லை. "மற்றவை" என்ற இடத்தில் போட்டார்.

அன்று தன் பிரதியின் ஓரத்தில் அகராதி பென்சிலால் எழுதினாள்: இது பயம். மேனேஜரைப் பற்றிச் சொன்னது கோபம், வயிற்று நோய் அல்ல. மறுநாள் பேராசிரியை அவளைத் தனியே கூப்பிட்டு, ஓரக்குறிப்புகள் வேண்டாம் என்றார். நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது அவர்கள் பதிலா உங்கள் பதிலா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அகராதி பென்சிலைப் பைக்குள் போட்டாள். மிச்சம் முப்பத்து நான்கு பெண்கள் வந்தார்கள். நெஞ்சு கனக்கிறது என்றார்கள், உயிரே கையில் இல்லை என்றார்கள், உடம்பு ரோலர் பக்கம் போக மாட்டேன் என்கிறது என்றார்கள். எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தாள். கடைசி நாள் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். மூலத்தில் உள்ள ஒரு சொல்லும் விடுபடவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கப்படவில்லை. அதில் பொய்யே இல்லை.

ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது. ஆலை வாசலில் அதன் சுருக்கத்தை ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேருக்குக் குறிப்பிடத்தக்க மனப் பாதிப்பு எதுவும் இல்லை. செரிமானம், தசை வலி போன்ற உடல் உபாதைகள் அதிகம், உடற்பயிற்சி நல்லது. இக்குழுவினரிடம் உணர்ச்சிகளை இனம்கண்டு பெயரிடும் சொல்வளம் குறைவாகக் காணப்படுகிறது. வழக்கமான பணிக்குத் திரும்புவதே நலம்.

திங்கட்கிழமை முதல் எல்லோரும் பழைய இடத்துக்கே வர வேண்டும் என்றார் மேனேஜர். குழாய்க்கு நீலநிறத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மடிப்பு மேசைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அண்ணி கேட்டாள். பெரிய பல்கலைக்கழகமே சோதித்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது, அப்புறம் என்ன என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை. அண்ணிக்கு எதிர்முனையில் ஒரு புதுப் பெண். இரண்டாவது வண்டி விரிப்புகள் பாதி முடிந்திருந்தது. எங்கோ ஒரு வால்வைத் திறந்தார்கள், உஸ்ஸென்று சத்தம் வந்தது. அண்ணியின் கை துணியை விடவில்லை. விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. விரிப்பு உள்ளே போனது, அதோடு வலது கையும் போனது. புதுப் பெண் சிவப்புப் பொத்தானைக் குத்தி நிறுத்தினாள். மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அகராதி அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடிதான் ஆலையின் விபத்து அறிக்கையைப் படித்தாள். தொழிலாளியின் கவனக்குறைவு. இவர் மனதளவில் பணிக்குத் தகுதியானவர் என்பது ஆய்வில் முன்பே உறுதி செய்யப்பட்டுள்ளது. கீழே இணைப்பு என்று போட்டு அவள் கையெழுத்திட்ட சான்றிதழையும் சேர்த்திருந்தார்கள். அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தான். அவன் குரலை உயர்த்தவில்லை.

"நீதான எழுதிக் கொடுத்த?"

வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணன் சொன்னதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நேரம் கேட்கவில்லை, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பேராசிரியைக்கு விபத்துச் செய்தி தெரியாது. கேட்டதும் முகம் வாடிப்போயிற்று, உண்மையாகவே வருத்தப்பட்டார். அகராதி அண்ணியின் பேட்டிப் பிரதியையும் இன்னும் சிலருடையதையும் மேசையில் விரித்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினாள். இது பயம். இதுவும் பயம். இது கோபம். இது துக்கம், தாங்க முடியாத துக்கம். இந்த அம்மா அழுகை வரவில்லை, நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது என்று சொன்னார், நீங்கள் நெஞ்சுவலி என்று போட்டு இதய டாக்டருக்கு அனுப்பினீர்கள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அளவுகோல் பல ஆயிரம் பேரிடம் சரிபார்க்கப்பட்டது என்றார். அந்தப் பல ஆயிரம் பேரில் எங்களைப் போலப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று அகராதி கேட்டாள். அவர் கணினியில் தேடினார். பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள் என்றார், குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவர்களுக்குப் பயம் என்ற சொல் தெரியும்தானே, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

அகராதிக்குக் காது இரண்டும் சூடேறியது. பேராசிரியையின் மொழியில் அவள் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"சொன்னாங்க. நாப்பத்தொரு பேரும் சொன்னாங்க. பயம்ங்கறது கரண்ட் போனா வர்றது. அவங்களுக்கு வந்தது அது இல்ல, அத விடப் பெருசு. பெருசுக்கு என்ன சொல்லோ அதச் சொன்னாங்க. சொல் குறைவா இருந்தது உங்க தாள்ல."

இதை அவள் முதலில் தமிழில்தான் சொன்னாள். பிறகுதான் நினைவு வந்து மொழிபெயர்த்தாள்.

கட்டுரையாக வெளியிடும்போது ஆய்வின் எல்லைகள் என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன் என்றார் பேராசிரியை. அறிக்கையைத் திரும்பப் பெற முடியாதா என்று கேட்டாள். விதிமுறை எதுவும் மீறப்படவில்லையே, எதைக் காரணம் காட்டித் திரும்பப் பெறுவது என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி, சான்றிதழ் உங்களுடையதுதானே என்றும் சொன்னார். அண்ணன் கேட்ட அதே கேள்வி. அண்ணன் கேட்டபோது அவமானமாக இருந்தது, இவர் கேட்டபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பிரதிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் ஊற்றி வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

ஆலைக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம். மதியம் இரண்டரை மணிக்கு ஷிப்டு விடும். அங்கே போய் நின்று, வந்த பெண்களை எல்லாம் நிறுத்தினாள். நீங்கள் சொன்னதை நான் இப்படி மாற்றிக் கொடுத்தேன், அதை அவர்கள் இப்படி எழுதிக்கொண்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னாள். தன் மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். இரண்டு பேர் பாய்ந்தார்கள், வாங்கிக்கொண்டாள். பிறகு அறிக்கையின் அந்த வரியைப் படித்தாள். இக்குழுவினரிடம் உணர்ச்சிகளை இனம்கண்டு பெயரிடும் சொல்வளம் குறைவு.

அப்புறம் மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் ஒருத்தி முன்னால் வந்தாள். ரேடியோ என்று பெயர், நாள் முழுக்கப் பேசுவாள். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். மேனேஜரில் தொடங்கி, அந்தக் குழாயை வாங்கினவன், கந்தல் கட்டினவன், பெயின்ட் அடித்தவன், கேள்வித்தாளை எழுதினவன், அதை அச்சடித்தவன் என்று ஒருவர் விடாமல் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பஸ் வந்தது, நின்றது, ஆள் ஏறாமல் போனது. ஒரு வசவுகூட இரண்டாம் முறை வரவில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"இதையும் சொல்லுக்குச் சொல் எழுதிக்கம்மா. எங்க கிட்ட சொல் குறைவாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இருவர் அழ ஆரம்பித்தார்கள். பிறகு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக, தான் அன்று என்ன சொன்னாள், சொன்னபோது உள்ளே என்ன இருந்தது என்று சொன்னார்கள். மூன்று மதியங்கள் ஆயின. ஆஸ்பத்திரியில் அண்ணி வைத்த இடதுகை ரேகையோடு சேர்த்து முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் வேலை போய்விடும் என்று மறுத்தார்கள், அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

அகராதி தன் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதினாள். பெண்கள் சொன்னது, அவள் மாற்றியது, மாற்றியிருக்க வேண்டியது என்று மூன்று நெடுவரிசை, ஒன்பது பக்கம். பல்கலைக்கழக அறநெறிக் குழுவுக்கு ஒன்று, தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு ஒன்று.

இன்ஸ்பெக்டர் விசாரணைக்குக் கூப்பிட்டார். ஆலையின் வக்கீல் அகராதியைத்தான் முதலில் பிடித்தார். முதலில் ஒரு மொழிபெயர்ப்பு கொடுத்தீர்கள், இப்போது வேறு ஒன்று கொடுக்கிறீர்கள், இரண்டில் எது பொய் என்று கேட்டார். முதலாவதுதான் என்றாள். தொழிலில் அதற்குப் பிறகு யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பிறகு அண்ணி வந்து உட்கார்ந்தாள், கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தாள். அன்று என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எதிர்ல நின்னது நெட்டைதான்னு நெனச்சேன் சார். அவ கை போற பக்கம் என் கையும் போச்சு."

மொழிபெயர்க்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் அகராதியைப் பார்த்தார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை அதை மாற்றிச் சொன்னாள்.

குழாய் முழுக்க மாற்றும் வரை அந்த ரோலரை ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. பெண்களை ஒரு டாக்டர் மறுபடி பார்த்தார், தாள் எதுவும் இல்லாமல், ஆளுக்கு ஒரு மணி நேரம். இருபத்தேழு பேர் அந்த வேலைக்குத் திரும்பக்கூடாது என்று எழுதினார். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று ரேடியோ விசாரித்துச் சொன்னாள். அறநெறிக் குழு ஐந்து மாதம் கழித்து நான்கு வரியில் பதில் போட்டது. முறைகள் அனைத்தும் சரியாகப் பின்பற்றப்பட்டுள்ளன. மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அகராதியின் பெயர் எடுக்கப்பட்டது. அவள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருக்கிறாள்.

அடுத்த வருஷம் பேராசிரியையிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அச்சான கட்டுரை, கையால் எழுதிய ஒரு குறிப்பு. உங்கள் உதவி இல்லாமல் இது சாத்தியமில்லை என்று எழுதியிருந்தார். துயரைச் சொல்லும் உடல்சார் சொற்றொடர்கள், இதுவரை ஆராயப்படாத ஒரு களம் என்பது போல் தலைப்பு. பஸ் நிறுத்தத்தில் பெண்கள் சொன்னவை எல்லாம், அகராதி அறநெறிக் குழுவுக்கு அனுப்பிய ஒன்பது பக்கத்திலிருந்து, அட்டவணையாக வரிசைப்பட்டிருந்தன. ஈரக்குலைக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். முதல் அறிக்கை தவறு என்று எந்த இடத்திலும் இல்லை. முந்தைய ஆய்வின் தொடர்ச்சி என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் மொழி உதவியாளர் ஒருவருக்கு நன்றி.

அகராதி அதை முன்னறையில் உட்கார்ந்து அண்ணிக்குப் படித்துக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தாள். அண்ணி இடது கையால் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு கையால் உரிக்கும் வித்தையை அதற்குள் பழகியிருந்தாள்.

"இதுல நெட்டை எங்க வர்றா?"

அகராதி மறுபடி புரட்டிப் பார்த்தாள். பங்கேற்றவர்கள் நாற்பத்தொரு பெண்கள் என்றிருந்தது. ஆலையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்துக்குப் பின் என்றிருந்தது.

"வரல அண்ணி. அவங்க பேட்டி குடுக்கலல்ல."

அண்ணி கை நின்றது. கட்டுரையை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் போடு. நான் சொல்றேன், நீ எழுது. இனிக்கக் கினிக்க எழுதாத."

அகராதி பேனாவை எடுத்தாள். அண்ணி சொல்ல ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே அகராதி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி வாயிலிருந்து அப்படி ஒரு வசவு வந்து அவள் கேட்டதே இல்லை. எழுதினாள்.